யூரியா வேண்டாம் என்று சொன்ன யூரியாக்காரன்

யாசீன், நீ போய் நாற்பது நாள் ஆகிவிட்டது. நீ இருந்திருந்தால் இதை எழுத விட்டிருக்க மாட்டாய். "போடா, எட்டாவது பெயிலு, எழுத வந்துட்டான்" என்று பேப்பரைப் பிடுங்கியிருப்பாய். பிடுங்க இப்போது ஆள் இல்லை. அதனால் எழுதுகிறேன்.

இது நம் தோட்டத்துக்குப் புதிதாக வந்திருக்கும் தம்பிகளுக்கு. அடுத்த மாதம் நான் விசா கேன்சல் செய்துகொண்டு ஊருக்குப் போகிறேன். எனக்கு முப்பது வயதுகூட ஆகவில்லை. ஆனாலும் ஷார்ஜாவில் தைத் பக்கத்து இந்த மணலில் கோதுமை போட்டு ஐந்து சீசன் முடித்துவிட்டேன். எவ்வளவு ஆழத்தில் விதைப்பது, தெளிப்பான் பைப்பை எப்படி மாட்டுவது என்பதெல்லாம் ரியாஸ் பாய் உங்களுக்குக் கற்றுக்கொடுப்பார். அவர் பாகிஸ்தான் பஞ்சாப்காரர், கோதுமைக்குள் பிறந்தவர். நான் சொல்ல வந்தது வேறு. நான் செய்த தப்பு ஒன்று, அதிலிருந்து என்னைத் தூக்கிவிட்ட ஒருத்தன், இவ்வளவுதான்.

யாசீன் ஷார்ஜாவில் ஒரு உரக்கடையில் வேலை பார்த்தான். விற்பவன், டிரைவர், மூட்டை இறக்குபவன் மூன்றும் அவனேதான். ரூம் அஜ்மானில், ஆறு பேரோடு. சொந்த ஊர் அதிராம்பட்டினம். எனக்குப் பட்டுக்கோட்டை பக்கம் கிராமம். ஊரில் இருந்த வரைக்கும் நாங்கள் ஒருத்தரை ஒருத்தர் பார்த்ததில்லை. இங்கே அவன் பிக்கப் மணலில் மாட்டிக்கொண்டு நின்றபோது வண்டியை அவன் திட்டிய திட்டைக் கேட்டுத்தான் நம்ம பக்கத்து ஆள் என்று கண்டுபிடித்தேன். என்னைவிட இரண்டு வயது பெரியவன். மாப்ள என்பான், நானும் மாப்ள என்பேன்.

இந்தத் தோட்டத்துக்கு வருவதற்கு முன்னால் நான் துபாய் அல் குசைஸில் கேம்ப்பில் தங்கி பில்டிங் வேலை பார்த்தேன். ஆறே மாதத்தில் அந்தக் கம்பெனி மூடிவிட்டது. ஊருக்குத் திரும்பினேன். பஸ் ஸ்டாண்டில் இறங்கியதும், "அதுக்குள்ள லீவா?" என்று கேட்டவர்களுக்கெல்லாம் பதில் சொல்லி முடியவில்லை. இரண்டாவது தடவையாக இந்த விசாவில் வந்தபோது, இன்னொரு தடவை அப்படிப் போய் இறங்குவதில்லை என்று முடிவு செய்திருந்தேன். இதை ஏன் சொல்கிறேன் என்றால், பயந்தவன் கை உரத்தில் நிற்காது. அள்ளி அள்ளிப் போடும். நான் போட்டேன்.

துபாயில் மெட்ரோவுக்குத் தோண்ட ஆரம்பித்திருந்த நேரம் அது. தோட்டத்து முதலாளியை இங்கே அர்பாப் என்போம். அவருக்குத் திடீரென்று கோதுமை ஆசை வந்தது. நோன்பு மாதத்தில் இந்த அரபிகள் கோதுமையையும் இறைச்சியையும் குழையக் கிண்டி ஹரீஸ் செய்வார்கள். அதற்குத் தன் நிலத்துக் கோதுமையே வேண்டும் என்றார். சொந்தக்காரர் ஒருவரிடமிருந்து பழைய நாட்டு விதை வாங்கி வந்தார். நெஞ்சு உயரத்துக்கு வளரும் ரகம். "நீ விவசாயி மகன்தானே, பார்த்துக்கொள்" என்று என்னிடம் விட்டார்.

நான் கோதுமைச் செடியை அதற்கு முன் கண்ணால் பார்த்ததில்லை. எனக்குத் தெரிந்தது நெல். நம் பக்கத்தில் பயிர் வெளுத்தால் யூரியா. பயிர் கருகருவென்று நின்றால் போகிறவன் வருகிறவன் எல்லாம் நின்று பார்ப்பான். அந்தக் கண்ணோடு இங்கே வந்து நின்றேன். இங்கே தேங்கி நிற்கிற தண்ணீர் கிடையாது. மணல். போட்ட உரம் தண்ணீரோடு வேருக்குக் கீழே ஓடிவிடும். ஓடுகிறது என்று எனக்குத் தெரியவில்லை, பற்றவில்லை என்று நினைத்தேன். இன்னும் போட்டேன்.

மூன்றாவது தடவை மூட்டை சொல்லி அனுப்பியபோது யாசீன் வண்டியிலிருந்து இறங்காமலே கேட்டான்.

"என்ன மாப்ள, போன வாரந்தான எறக்குனேன்? நெல்லா போட்டுருக்க?"

"நெல்லு போட்ட கைக்குக் கோதும தெரியாதா? நீ கடக்காரன். எறக்கிட்டுக் கெளம்பு."

"எறக்குறேன் சாமி, கோவிச்சுக்காத."

இறக்கினான். போனான்.

பயிர் நான் நினைத்த மாதிரியே கறுத்தது. அர்பாப் நண்பர்களைக் கூட்டிவந்து பயிருக்கு நடுவில் நின்று போட்டோ எடுத்துக்கொண்டார். என்னைக் காட்டி "ஜெயின், ஜெயின்" என்று புகழ்ந்தார். கதிர் வந்து பால் பிடிக்கிற நேரத்தில் மூன்று நாள் காற்று அடித்தது. நெஞ்சு உயரப் பயிர், தலை கனம், தண்டில் வலுவே இல்லை. நான்காவது நாள் காலையில் போய்ப் பார்க்கிறேன், பாய் விரித்த மாதிரி மொத்தமும் படுத்துக் கிடக்கிறது. படுத்தது எழுந்திருக்கவில்லை. மணி சுருங்கிப்போனது. வைக்கோலும் அடியில் ஈரம்பட்டு நாற்றம் எடுத்துவிட்டது.

அர்பாப் கத்தவில்லை. கத்தியிருந்தால் பரவாயில்லை. "குமார், இன்னும் ஒரே ஒரு சீசன்" என்று ஒற்றை விரலைக் காட்டினார். "மறுபடியும் இப்படி ஆனால் கோதுமை மாஃபி, குமார் மாஃபி. கலாஸ்." கோதுமையும் இல்லை, நானும் இல்லை, அத்தோடு முடிந்தது என்று அர்த்தம். இந்த நிலத்தில் புல் போட்டுவிடலாம், புல்லுக்கு ரியாஸ் பாய் ஒருத்தர் போதும் என்றார். அவர் சொன்னது நியாயம்தான்.

அன்று மத்தியானம் யாசீன் வந்தான். விழுந்த பயிர் மேலேயே உட்கார்ந்தான்.

"மாப்ள, எனக்கு அன்னைக்கே தெரியும்டா."

"என்ன தெரியும்?"

"இந்த நெட்ட வெத உரம் தாங்காது, கூடப் போட்டா படுத்துரும்னு. ரெண்டு தோட்டத்துல பாத்துருக்கேன். மாசக் கடைசி, டார்கெட்டு கொறஞ்சிச்சு. நீயும் கோவப்பட்ட. சரின்னு எறக்கிட்டுப் போயிட்டேன்."

வேரோடு ஒரு பிடி பயிரைப் பிடுங்கி அவன் மூஞ்சியில் வீசினேன். துடைத்துக்கொண்டான். "அந்தப் பாவத்துக்குச் சொல்றேன், அடுத்த சீசன் தேவைக்கு மேல ஒரு கிலோ இந்தத் தோட்டத்துல எறங்காது" என்றான். நான் எட்டு மாதம் அவனோடு பேசவில்லை. அவன் மற்ற தோட்டத்துக்குப் போகும் வழியில் ஹாரன் அடித்துவிட்டுப் போவான். நான் திரும்பிப் பார்க்க மாட்டேன்.

தம்பிகளே, இங்கே ஒன்று சொல்லிவிடுகிறேன். தப்பை மூஞ்சிக்கு நேராக வந்து ஒத்துக்கொள்கிற கடைக்காரன் கிடைத்தால் அவனை விட்டுவிடாதீர்கள். நான் எட்டு மாதத்தை வீணாக்கினேன். இப்போது நினைத்தால் அந்த எட்டு மாதம்தான் வலிக்கிறது.

அடுத்த விதைப்பு வந்தது. ரியாஸ் பாய் சொன்னார், "குமார் பாய், குட்டை ரகம் போடு. விழாது. யூரியா தாராளமாகக் கொடு, மணி கொட்டும். எங்க பஞ்சாபில் எல்லாரும் இதுதான்." அர்பாப் சொன்னார், "பழைய விதைதான் வேண்டும், அதில்தான் ஹரீஸ் ருசி." இருவருக்கும் நடுவில் நான். தோற்றால் போகிறது என் விசா. அப்போதுதான் கௌரவத்தை விட்டுவிட்டு யாசீனுக்கு போன் போட்டேன்.

வந்ததும் விதையைப் பற்றி அவன் பேசவே இல்லை. "அர்பாபுக்கு ஆடு எத்தன, ஒட்டகம் எத்தன?" என்று கேட்டான். சொன்னேன்.

"வைக்கோலு?"

"வெளியிலதான் வாங்குறாரு. ரொம்ப வெலன்னு பொலம்புறாரு."

"அப்பறம் என்ன மாப்ள? குட்டையில மணி கூட, வைக்கோலு கம்மி, உரம் நெறையாத் திங்கும். நெட்டையில மணி கம்மி, வைக்கோலு நெறையா, உரமும் அவ்வளவா வேணாம். மகசூல் வேற, மிச்சம் வேற. ரியாஸ் பாய் மகசூலச் சொல்றாரு. அர்பாபுக்கு எதுல மிஞ்சும்னு யாரு பாத்தா?"

யாருமே பார்க்கவில்லை. நிலத்தைப் பாதியாகப் பிரித்து இரண்டையும் போடச் சொன்னான். நெட்டைக்கு, குட்டைக்குப் போடுவதில் பாதி யூரியாதான். அதையும் ஒரே தடவையில் போடாமல் கொஞ்சம் கொஞ்சமாக. "மணலு ஓட்டச் சட்டி மாப்ள. நெறையா ஊத்துனா நெறையா ஒழுகும், அவ்வளவுதான்." இரண்டு ரகமும் இருந்ததால் அர்பாபும் ஒத்துக்கொண்டார், ரியாஸ் பாயும் ஒத்துக்கொண்டார்.

முளைத்தது, வளர்ந்தது, நன்றாகத்தான் போனது. ஒரு வெள்ளிக்கிழமை வந்து பார்த்தால் இலை நுனியெல்லாம் மஞ்சள். இரண்டு நாளில் அது ஓரம் வரைக்கும் இறங்கிக் காய்ந்தது. நெட்டையிலும் அப்படி, குட்டையிலும் அப்படி. அர்பாப் தலைத்துணியைக் கழற்றி கையில் பிடித்துக்கொண்டு நின்றார். ரியாஸ் பாய், "யூரியா கம் ஹை, குறைச்சல், நான் அப்பவே சொன்னேன்" என்றார். உண்மையைச் சொன்னால் என் நெல்லுக் கண்ணும் அதையேதான் சொன்னது. அர்பாபே கடைக்கு போன் போட்டு இருபது மூட்டை கொண்டுவரச் சொன்னார்.

யாசீன் காலி வண்டியோடு வந்தான்.

"பேக் கிதர்?" என்று மூட்டையைக் கேட்டார் அர்பாப்.

"முதலில் பார்க்கிறேன் அர்பாப்" என்று ஹிந்தியில் சொல்லிவிட்டுச் செருப்பைக் கழற்றிப் போட்டு வயலுக்குள் நடந்தான். நான் பின்னால் ஓடினேன்.

"ஏன்டா, மூட்ட எங்க? என் உசுரு போவுது இங்க."

"மாப்ள, அத நக்கிப் பாரு."

"எத?"

"எலைய. நாக்கால."

நக்கினேன். கருவாட்டை நக்கிய மாதிரி உப்பு. அவன் என்னை இழுத்துக்கொண்டு ஓரத்துக்குப் போனான். அங்கே பைப் ஜாயின்ட் ஒன்று ஒழுகிக்கொண்டிருந்தது. தெளிப்பான் எட்டாத மூலை. தண்ணீர் இலையில் படாமல் தரையிலேயே ஓடியது. அந்த மூலையில் மட்டும் பயிர் பச்சையாக நின்றது.

"இதுக்கும் அதே யூரியாதான போட்ட? இல்ல, வேற எவனும் திருட்டுத்தனமா வந்து போட்டுட்டுப் போனானா?"

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. போன மாதம்தான் பழைய கிணற்றில் தண்ணீர் மெதுவாக வருகிறது என்று புது போரில் மோட்டாரை மாற்றியிருந்தோம். அந்தத் தண்ணீர் உப்பு. அதை வெயிலில் இலை மேல் தெளித்தோம். தண்ணீர் காய்ந்து போக உப்பு இலையிலேயே தங்கிச் சுட்டது. இதற்கு மேல் யூரியாவையும் போட்டிருந்தால் வெந்த புண்ணில் வேலாகியிருக்கும்.

"நீயே அர்பாபுகிட்ட சொல்லு மாப்ள" என்றேன்.

"நான் சொன்னா? கடக்காரன் வேணும்னு சொன்னாலே நம்ப மாட்டாங்க. வேணாம்னு சொன்னா ஸ்டாக் இல்ல, பொய் சொல்றான்னு நெனப்பாரு. தோட்டம் உன் பொறுப்பு. நீ சொல்லு."

போய்ச் சொன்னேன். யூரியா வேண்டாம் அர்பாப். பழைய கிணற்றுத் தண்ணீர், சூரியன் வருவதற்கு முன்னால் பாய்ச்சுகிறேன். பத்து நாள் கொடுங்கள். ரியாஸ் பாய் தலையில் அடித்துக்கொண்டார். அர்பாப், "பத்து நாள். அப்புறம் ஊருக்கு டிக்கெட்" என்றார். ரியாஸ் பாய் ஒரு பட்டை நிலத்தைத் தனக்கு விடச் சொல்லிக் கேட்டார், ஸ்டோரில் மிச்சமிருந்த யூரியாவை அதில் போட்டுக் காட்டுகிறேன் என்று. அதற்கும் சரி என்றார்.

இதைக் கவனமாகக் கேளுங்கள். முடிவு எடுப்பது கஷ்டமில்லை. எடுத்த பிறகு கையைக் கட்டிக்கொண்டு இருப்பதுதான் கஷ்டம். சுட்டுப்போன இலை திரும்பப் பச்சையாகாது. புது இலை வரும் வரைக்கும் வயல் அப்படியேதான் நிற்கும். ஒவ்வொரு நாளும் அதே மஞ்சள். ரியாஸ் பாயின் பட்டையோ யூரியா ஏறிக் கருகருவென்று ஆகிவிட்டது. அவர் போட்டது நெட்டை நின்ற பக்கம், அதுவும் ஒழுகிய தண்ணீர் ஓடிய அந்த ஓரத்தை ஒட்டி, இலையில் உப்பு படாத பயிர். அதெல்லாம் எனக்குத் தெரிந்தும் தினமும் அதன் முன்னால் போய் நின்றேன்.

ஆறாவது நாள் என்னால் முடியவில்லை. ஸ்டோரிலிருந்து ஒரு மூட்டையைத் தோளில் தூக்கிவந்து வரப்பில் போட்டு தையலைப் பிரித்துவிட்டேன். அப்புறம் என்ன தோன்றியதோ, போனை எடுத்தேன்.

"மாப்ள, கொஞ்சூண்டு போட்டுடவா?"

"மூட்ட எங்க இருக்கு?"

"காலுகிட்ட."

"அது மேல ஏறி ஒக்காரு. நான் வர்ற வரைக்கும் எந்திரிக்காத."

"வெளையாடாத யாசீன்."

"வெளையாடலடா. ஒக்காரு."

உட்கார்ந்தேன். அன்று அவனுக்கு லீவு. அஜ்மானிலிருந்து யாரிடமோ வண்டி இரவல் வாங்கி வந்து சேர ஒன்றரை மணி நேரம். நான் அந்த மூட்டை மேலேயே உட்கார்ந்திருந்தேன். வந்தவன் எனக்குப் பொட்டலத்தில் பரோட்டா கொடுத்துவிட்டு, மூட்டையைத் தானே தூக்கி ஸ்டோரில் வைத்துப் பூட்டிச் சாவியை எடுத்துக்கொண்டு போய்விட்டான். ஒரு அறிவுரையும் சொல்லவில்லை. போகும்போது, "பரோட்டாவுக்குச் சால்னா கம்மியாத்தான் குடுத்தான், நீ அட்ஜஸ்ட் பண்ணிக்க" என்றான்.

எட்டாவது நாள் நடுக்குருத்தில் புது இலை வந்தது. நுனியில் ஒரு புள்ளி மஞ்சள் இல்லை. பத்தாவது நாள் அர்பாப் வந்தார். குனிந்து, தானே ஒரு இலையைக் கிள்ளி நாக்கில் வைத்துப் பார்த்தார். டிக்கெட் பேச்சை எடுக்கவே இல்லை.

பிறகு காற்று வந்தது, போன வருஷம் மாதிரியே. குட்டை நின்றது. குறைவாக உரம் தின்ற நெட்டையும் ஆடி ஆடி நின்றது. ரியாஸ் பாயின் பட்டை மட்டும் தரையோடு தரை. அவர் இடுப்பில் கை வைத்துப் பார்த்துவிட்டு, "குமார் பாய், என்னோட பஞ்சாப் படுத்துத் தூங்கிருச்சு" என்று சிரித்தாரே, அந்த மனசு யாருக்கு வரும்? அன்றையிலிருந்து இன்றைக்கு வரைக்கும் என்னிடம் கேட்காமல் ஒரு மூட்டை பிரித்ததில்லை.

அறுப்பில் குட்டையில்தான் மணி கூட. ஆனால் உரச் செலவைக் கழித்து, வெளியில் வாங்காமல் மிச்சமான வைக்கோலையும் சேர்த்துப் பார்த்தால், நம் அர்பாபுக்கு நெட்டைப் பக்கம்தான் அதிகம் மிஞ்சியது. இதை அப்படியே வாய்ப்பாடாக எடுத்துக்கொள்ளாதீர்கள். ஆடு வளர்க்காத, மணியை மட்டும் விற்கிற முதலாளியிடம் போனால் குட்டைதான் சரி. விதையைக் கேட்பதற்கு முன்னால் ஆட்டைக் கேட்டானே, அதுதான் பாடம்.

இனி எழுதப்போவதுதான் எனக்குக் கஷ்டம்.

அறுப்பு முடிந்த அன்று அர்பாப் எல்லார் முன்னாலும் என் தோளில் கை போட்டு, "குமாருக்கு மூளை இருக்கு" என்றார். தோட்டத்துக்கு என்னை இன்சார்ஜ் ஆக்கினார், சம்பளமும் கூட்டினார். யாசீன் பத்தடி தள்ளி வண்டியில் சாய்ந்து நின்று கேட்டுக்கொண்டிருந்தான். இது அவன் சொன்னது அர்பாப் என்று ஒரு வார்த்தை சொல்ல எவ்வளவு நேரமாகும்? நான் சொல்லவில்லை. எங்கே கொடுத்ததைத் திரும்ப எடுத்துக்கொள்வாரோ என்று பயம். அவன் என்னைப் பார்த்துக் கண்ணடித்தான். அப்புறம், "மூளையாரே, ஒரு டீ சொல்லுங்க" என்றான். மூன்று வருஷமாக எனக்கு அவன் வைத்த பெயர் அதுதான்.

இருபது மூட்டை ஆர்டரை வெறுங்கையோடு போய்க் கெடுத்ததற்காகக் கடை முதலாளி அவனை, "நீ யூரியா விக்க வந்தியா, வேணாம்னு சொல்ல வந்தியா?" என்று கேட்டுவிட்டு, அந்தக் கோடை முழுக்கக் குடோனில் மூட்டை தூக்கப் போட்டார். இதையும் அவன் சிரித்துக்கொண்டுதான் சொன்னான். அப்போதாவது நான் அர்பாபிடம் சொல்லியிருக்கலாம். அடுத்த சீசன் சொல்லலாம், நோன்பு முடிந்து சொல்லலாம் என்று தள்ளிக்கொண்டே வந்தேன்.

போன மாதத்துக்கு முந்தின மாதம், ஒரு வெள்ளிக்கிழமை, காலைத் தொழுகை முடிந்து வந்து படுத்தவன் மத்தியானம் ஜும்ஆ தொழுகைக்கு எழுந்திருக்கவில்லை. நெஞ்சுவலி என்றார்கள். முப்பத்தொரு வயது. ஊரில் அவன் உம்மா, மனைவி, பேச ஆரம்பித்த மகள். இங்கேயே அடக்கம் செய்தார்கள். நான் போய்ச் சேர்ந்தபோது குழி மூடிக்கொண்டிருந்தார்கள். எனக்கு அவர்கள் முறை தெரியாது. பக்கத்தில் நின்றவர் என் கையைப் பிடித்து மண் அள்ளிப் போடச் சொன்னார். மூன்று பிடி போட்டேன்.

மறுநாள் அர்பாபிடம் எல்லாவற்றையும் சொன்னேன். இலையை நக்கச் சொன்னது, மூட்டை மேல் உட்காரச் சொன்னது, எல்லாம். அவர் "அல்லா யர்ஹமுஹு" என்று அவனுக்காக வேண்டினார். அப்புறம் கேட்டார், "அன்றைக்கே ஏன் சொல்லவில்லை? நான் அவன் கையைப் பிடித்து ஒரு வார்த்தை சொல்லியிருப்பேனே."

என் வேலைக்கு ஒன்றும் ஆகவில்லை தம்பிகளே. மூன்று வருஷம் முன்னால் சொல்லியிருந்தாலும் ஒன்றும் ஆகியிருக்காது. யார் சொல்லி உங்கள் பயிர் பிழைத்ததோ, அவன் பெயரை அன்றைக்கே, அவன் நிற்கும்போதே சொல்லிவிடுங்கள். இதைவிடப் பெரிதாக எனக்கு ஒன்றும் தெரியாது.

நான் இந்த மண்ணில் நின்று சாப்பிட்ட சோறு அவன் கொடுத்தது. ஊரில் தலை நிமிர்ந்து இறங்கப்போகிறேன், அதுவும் அவன் கொடுத்தது. அதனால் இதைப் படிக்கிற எல்லோரையும் கேட்டுக்கொள்கிறேன். துஆ கேட்கிறவர்கள் துஆ கேளுங்கள். கோயிலுக்குப் போகிறவர்கள் அவன் பெயரைச் சொல்லி ஒரு விளக்கு ஏற்றுங்கள். ஒன்றும் தெரியாதவர்கள் தெரிந்த மாதிரி கும்பிடுங்கள். அவன் பெயர் யாசீன். அவன் நல்ல இடத்தில் இருக்க வேண்டும் என்று எல்லோரும் வேண்டிக்கொள்ளுங்கள்.